நெற்றியோரத்து மென்மயிர்

நெற்றி முடிந்து தலைமயிர் தொடங்கும் வளைகோட்டுக்கு மொழிதோறும் ஒரு பெயர் உண்டு. அரபியில் முன்தலை முடியை 'நாஸியா' என்போம். அங்கே சுருண்டு நிற்கும் இளமயிரை நம் வீட்டுப் பெண்கள் 'பூனைமுடி' என்பர். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களோ அவ்விடத்தை 'எட்ஜஸ்', அதாவது ஓரங்கள், என்றே சொல்லுகின்றனர். அவர்கள் வாயில் அச்சொல் வரும்போதெல்லாம் ஒரு கவலையும் உடன் வரக் கண்டேன்.

என் மகள் பிலடெல்பியா நகரில் வாழ்கிறாள். அவளுடைய பிரசவத்திற்குத் துணையாகச் சென்றவள் ஐந்து மாதம் அங்கே தங்க நேர்ந்தது. கறுப்பின முஸ்லிம்கள் பெருந்தொகையினராய் வாழும் ஊர் அது. அடுத்த வீட்டுச் சகோதரி தம் வீட்டின் கீழ்த்தளத்தில், சன்னல்களுக்குக் கனத்த திரையிட்டு, பெண்களுக்கு மட்டும் முடி திருத்தும் தொழில் செய்துவந்தார். பேத்தி உறங்கும் வேளைகளில் நானும் அங்குச் சென்று அமர்வேன். என் ஆங்கிலம் கொஞ்சம், அவருடைய அரபி கொஞ்சம். இரண்டையும் கொண்டு நாங்கள் நிறையவே பேசினோம்.

சுருள்முடியை நேராக்க அவர்கள் பூசும் பசைக்கு 'ரிலாக்ஸர்' என்று பெயர். அதன் உயிர்நாடி காரம். ஆங்கிலத்தார் 'ஆல்கலி' என்பது நம் மதரஸாப் பிள்ளைகளும் அறியத்தக்க 'அல்கலீ' என்னும் அரபிச் சொல்லேயாகும். உவர்நிலச் செடிகளைச் சுட்டெடுத்த சாம்பலுக்கு அரபிகள் இட்ட பெயர் அது. நம் சவுக்காரத்திலும் காரம் ஒளிந்திருக்கிறது. ஆனால் ரிலாக்ஸரில் உள்ளது துணி வெளுக்கும் அளவினதன்று. சோடியம் ஹைட்ராக்ஸைடு என்னும் கடுங்காரம். முடியின் வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் கந்தகப் பிணைப்புகளை அது அறுத்து, வேறொரு பிணைப்பாக மாற்றிவிடுகிறது. மாறிய முடி மறுபடி சுருளாது. வேரிலிருந்து மாதத்திற்கு ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும் புதுமுடிதான் பழைய சுருளோடு வரும். எனவே எட்டு முதல் பன்னிரண்டு வாரத்திற்கொருமுறை அப்புதுமுடிக்கு மட்டும் பசை பூசுவர். முன்பே பூசிய முடியில் மீண்டும் பட்டால் அது நைந்து ஒடியும். 'லை இல்லாதது' என்று எழுதி விற்கும் பசைகளும் காரமற்றவை அல்ல. சோடியத்திற்குப் பதில் வேறொரு காரம், அவ்வளவே.

இவ்வழக்கத்திற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. காரெட் மார்கன் என்னும் கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் 1913ஆம் ஆண்டிலேயே முடி நேராக்கும் களிம்பை விற்கத் தொடங்கினார். தையல் ஊசிக்கான ஒரு திரவத்தைத் துடைத்த துணியின் இழைகள் நேராகக் கண்டு, அதைப் பக்கத்து வீட்டு நாயின் மயிரில் சோதித்தார் என்றொரு கதையும் சொல்வார்கள். நம்மவர் நன்கறிந்த மால்கம் எக்ஸ், 1965இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், பாஸ்டன் நகரில் இளைஞராயிருந்தபோது நண்பர் ஒருவர் கையால் முடியை நேராக்கிக்கொண்டதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். கடுங்காரமும் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்த கலவை அது. பூசுமுன் நண்பர் அவருடைய தலையிலும் நெற்றியிலும் காதுகளிலும் கழுத்திலும் வாஸ்லினைத் தடிப்பாகத் தடவினாராம். ஓரத்தைக் காக்கும் கலை அன்றே இருந்தது. பின்னாளில் மால்கம் அச்செயலுக்காக வெட்கினார். வெள்ளையரைப் போல் தோன்ற விரும்பித் தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொண்டதாகக் கருதினார்.

இதைச் சகோதரியிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. ஆனால் முழுதும் ஒப்பவுமில்லை. "அவர் ஆண், மேடையேறிப் பேசினார். எங்கள் தாய்மார் மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியிருந்தது" என்றார். முடியின் இயல்பைக் காரணமாக்கி வேலையிலும் பள்ளியிலும் வேற்றுமை காட்டலாகாது என்று கலிபோர்னியா மாநிலம் சட்டம் செய்ததே 2019இல்தான். நான் அவர் பக்கமே சாய்ந்தேன். பசித்தவர் வீட்டு வாசலில் நின்று மானத்தைப் பற்றி உரையாற்றுவது எளிது.

அவர் வேலை செய்யும் முறையைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பாடம். முதலில் தலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து விளக்கொளியில் ஆராய்வார். கீறலோ புண்ணோ சிவப்போ கண்டால், "இன்று இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு மூன்று நாளுக்குள் தலைக்குக் குளித்தவர்களையும், நகத்தால் சொறிந்தவர்களையும், இறுகப் பின்னிய சடையை அன்றுதான் அவிழ்த்து வந்தவர்களையும் அவ்வாறே அனுப்புவார். தோலின் இயற்கை நெய் கழுவப்பட்டிருந்தாலும் மேல்தோல் சிராய்ந்திருந்தாலும் காரம் நேரே சுட்டுவிடுமாம். பிறகு நெற்றியோரம், காதுமடல், பிடரி மூன்றிலும் பெட்ரோலியக் களிம்பைக் கரைபோல் இடுவார். பசையைப் பிடரியிலோ உச்சியிலோ தொடங்கி, நெற்றியோரத்திற்குக் கடைசியில்தான் வருவார். அவ்விடத்து மயிர் மற்றவற்றினும் மெல்லியது. காரத்தை விரைந்து குடித்துவிடும். பொட்டோரம் நைந்திருந்தால் அங்கே பசையே இடமாட்டார். கண் கடிகாரத்தில், காது வாடிக்கையாளர் வாயில். "குறுகுறுக்கிறது" என்ற சொல் வந்த கணமே தண்ணீர்தான். வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் அலசியபின், எஞ்சிய காரத்தைத் தணிக்கும் ஷாம்பு. காரம் மிச்சமிருக்கும்வரை அதன் நுரை இளஞ்சிவப்பாயிருக்கும். நுரை வெள்ளையாகும்வரை அவர் விடமாட்டார். முடிந்தபின்னும் எச்சரிக்கை உண்டு: சில வாரங்களுக்கு இறுக்கிப் பின்னாதே, இழுத்துக் கட்டாதே. ரிலாக்ஸர் இட்ட முடியை இழுத்துக் கட்டுவோருக்கே ஓரம் மிகுதியாகக் கொட்டுகிறது என்று தோல் மருத்துவரும் சொல்லுகின்றனர். இழுப்பினால் வரும் இக்கேடு 1907ஆம் ஆண்டிலேயே கிரீன்லாந்துப் பெண்களிடம் கண்டு எழுதப்பட்டது. காரம் ஏதுமின்றி, முடியை இறுகக் கட்டியதாலேயே அவர்களுக்கு வந்தது அது.

இடையே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒளுவில் முகத்தின் எல்லை எது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் பேசும்போது, வழக்கமாக முடி முளைக்கும் இடத்திலிருந்து தாடைவரை என்று வரையறுக்கின்றன. முன்தலை வழுக்கையானவர், வழுக்கை ஏறிய அளவுக்கு முகத்தைக் கழுவ வேண்டியதில்லை. பழைய கோடே எல்லை. ஆண்டுதோறும் மாணவிகளுக்கு நான் நடத்திய பாடம்தான். அப்போதெல்லாம் என் மனத்தில் தோன்றியவர் வயதான ஆண்களே.

சகோதரிக்குப் பதினாறு வயதில் ஒரு மகள். எட்டு வயது முதல் இரவல் முடி சேர்த்து இறுகப் பின்னியதால் இரு பொட்டுகளிலும் முடி மெலிந்து தோல் தெரிந்தது. தமையனின் வலீமாவுக்குத் தன் முடியையும் நேராக்கித் தரவேண்டும் என்று அடம் பிடித்தாள். "ஊரார் தலைக்கெல்லாம் ஊற்றிச் சம்பாதிக்கிறீர்கள், என் தலை மட்டும் என்ன?" என்று என் முன்னிலையிலேயே கேட்டாள். தாய் பதில் சொல்லாமல் தம் முக்காட்டை நீக்கினார். ஐந்து மாதத்தில் அன்றுதான் அவர் தலையை நான் பார்த்தேன். காதுக்குக் காது இரண்டு விரற்கடை அகலத்திற்கு முடியில்லை. தோல் வழவழப்பாய் மின்னியது. மயிர்க்கால் இருந்த சுவடும் இல்லை. ஏழு வயதில் அவருக்குத் தாயார் பூசத் தொடங்கினாராம். தொடக்கத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப முளைக்கும்; ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் மயிர்க்கால் வடுவாய் மூடிவிடும், பிறகு எந்த எண்ணெயும் எழுப்பாது. மகளுக்கு ஓரத்தில் இன்னும் மென்மயிர் இழைகள் நிற்கின்றன; அதுதான் தாயின் நம்பிக்கை.

வேறொரு அச்சமும் அவருக்கு இருந்தது. 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2022இல் வெளியாயிற்று. முடி நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதவரில் எழுபது வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் காண்பவர் நூற்றுக்கு 1.64 பேர் என்றும், அடிக்கடி பயன்படுத்துவோரில் 4.05 பேர் என்றும் அது மதிப்பிட்டது. இது தொடர்பைக் காட்டுவதேயன்றிக் காரணத்தை நிறுவியதாகாது. எனினும் அவர் அச்செய்தித்தாளைக் கடையின் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். வாடிக்கையாளர் சிலர் குறைந்தும் போயினர்.

நம் நாட்டுப் பெண்பிள்ளைகள் பலருக்கு ரிலாக்ஸர் தேவையில்லாதிருக்கலாம். ஆனால் ஹிஜாபுக்கு அடியில் உள்தொப்பியை இறுக்கி, கூந்தலை உச்சியில் முறுக்கிக் கொண்டையிட்டு, நாள் முழுதும் ஒரே இடத்தில் ஊசி குத்துவது நம்மிடமும் உண்டு. ஊர் திரும்பியதும் என் வகுப்புப் பிள்ளைகள் மூவரின் பொட்டில் அதே மெலிவைக் கண்டேன். கொண்டையைப் பிடரிக்கு இறக்கித் தளர்த்தவும், ஊசியை இடம் மாற்றிக் குத்தவும், வீட்டில் முடியை அவிழ்த்துவிடவும் அவர்களுடைய உம்மாமாருக்குச் சொல்லியனுப்பினேன். ஒருவர் மட்டும், "மார்க்கத்தில் குறை சொல்கிறீர்களா?" என்று வருந்திக்கொண்டார். முடியை மறைக்கச் சொன்ன மார்க்கம் அதைப் பிடுங்கச் சொல்லவில்லை என்று விளக்கியபின் சமாதானமானார்.

பிலடெல்பியாச் சிறுமி வலீமாவுக்குச் சுருள்முடியோடுதான் போனாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள் என்று மகள் எழுதினாள். முன்பக்கம் ஆறு மாதம் பின்னக்கூடாது, அதன்பின் பேசுவோம் என்பது தாயின் தவணை. நான்கு மாதம் முடிந்திருக்கிறது. இடப்பொட்டில் அரை விரல் நீளத்திற்கு முடி வந்துவிட்டதாம். வலப்பொட்டில் இன்னும் ஏதுமில்லை. மீதமுள்ள நாள்களை அவள் நாட்காட்டியில் அடித்துக்கொண்டிருக்கிறாள்.