குகை வாசலில் ஸ்காலர் அண்ணன்கள்

எண்பதுகளில் மதுரையில் விலங்கியல் படித்த எங்களுக்குப் பல்கலை நகர் என்றதும் வௌவால் வாடைதான் நினைவுக்கு வரும். காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் உயிர்க்கடிகார ஆய்வுகளை நடத்திவந்த காலம். அவரை நாங்கள் எட்ட நின்று பார்த்ததோடு சரி. எங்களை உள்ளே இழுத்துப் போட்டவர்கள் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த ஸ்காலர் அண்ணன்களும் அக்காக்களும்தான்.

"சாயங்காலம் சும்மாதானே இருக்க, குகைக்கு வா தம்பி." அழைப்பு அவ்வளவுதான். சிவப்புத் தாள் சுற்றிய டார்ச், காலடியில் மெத்தென்ற எச்சம், தலைக்கு மேல் சிறகடிப்பு. "வெளிச்சமே எட்டாத மூலையில தொங்குறதுக்குப் பொழுது சாஞ்சது எப்படித் தெரியுது?" என்று அண்ணன் கேட்பார். விடை சொல்லாமலே டீக்கடைக்கு நடப்பார்.

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்குக் கிடைத்தது கத்தரிக்கோலும் பசையும். வௌவாலின் அசைவைப் பதிந்த கருவி கக்கிய காகிதச் சுருளை நாள்வாரியாக வெட்டி, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டவேண்டும். வேறு வௌவால் இல்லாத குகையில் தனித்து அடைபட்ட வௌவாலின் கோடு நாளுக்கு நாள் சாய்ந்துகொண்டே போகும். அதன் நாள் 24 மணி நேரத்தை விட்டு விலகுகிறது. தன் கூட்டம் வந்துபோகும் குகையில் அடைபட்டதன் கோடோ நேராக நிற்கும். வெளியே பறக்கவே முடியாதது, கூட்டத்தின் வரத்துபோக்கை வைத்தே பொழுதறிந்தது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981இல் வெளியிட்ட முடிவு இது. எங்களிடம் யாரும் கட்டுரையை முதலில் நீட்டவில்லை. ஒட்டி முடித்து, சாய்வைக் கண்டு நாங்களே கூவிய பிறகுதான் அக்கா அதை எடுத்துத் தந்தார். படித்ததும் அடுத்த கேள்வி: "வேற இன வௌவாலை அங்க அடைச்சா?" அதற்கும் ஒரு சுருள் தேவைப்பட்டது.

இன்று மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. சிற்றூர்ப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கிறார்கள். எங்களுக்கு வாய்க்காத வழி அது. ஆனால் கணினி கணப்பொழுதில் வரைந்துவிடும் படத்தை ஒட்ட ஆள் வேண்டாம். ஒட்டும் நேரத்தில் நடந்த பேச்சும் அதோடு போயிற்று.

அந்தப் பேச்சு எங்களுக்கு மட்டும் பயன்பட்டதாக அப்போது நினைத்தோம். உதவித்தொகை தாமதமாகி, சோதனை தோற்று, ஊரில் "இன்னும் படிக்கிறியா?" என்று கேட்கப்பட்டவர்கள் அந்த அண்ணன்களும் அக்காக்களும். தங்கள் கேள்வி கேட்கத் தகுந்ததுதானா என்பதை எங்கள் முகத்தில்தான் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.