குப்பியின் மேல் ஒட்டிய சாட்சி

கோட்டுச்சேரிமேட்டு மீனவர் குடியிருப்பில் வீடு சந்திக்கச் செல்லும் நாட்களில், மருந்துக் குப்பியை என் கையில் தந்து, "சாமி, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்கும் தாய்மார் உண்டு. ஆங்கிலப் பொடியெழுத்தில் உள்ள மருந்தின் பெயரையும் காலாவதி நாளையும் படித்துச் சொல்வேன். அவர்கள் நிம்மதியோடு மூடியைத் திறப்பார்கள். நான் படித்ததோ ஒட்டிய காகிதத்தை மட்டுமே. உள்ளே இருப்பதை நான் எங்ஙனம் அறிவேன்?

2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா வட்டாரத்தில், 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் மருந்தைப் பருகிய குழந்தைகள் இருபதுக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து மரித்தனர். பெரும்பாலோர் ஐந்து வயதும் நிரம்பாதவர்கள். அம்மருந்து நம் தமிழகத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. குப்பியின் மேல் பாராசிட்டமால் முதலிய மூன்று மருந்துகளின் பெயர்கள் முறைப்படி அச்சிடப்பட்டிருந்தன. 2027 ஏப்ரல் வரை பயன்படுத்தலாம் என்றும் இருந்தது. அக்டோபர் முதல் நாள் செய்தி வந்ததும் தமிழக அதிகாரிகள் மாதிரி எடுத்தனர். மறுநாளே முடிவு தெரிந்தது: டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 விழுக்காடு! அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 மட்டுமே. சாய்மை, வண்ணப்பூச்சுத் தொழில்களுக்கு உரிய அப்பொருள் இனிப்பாக இருக்கும். ஆகவே குழந்தை முகம் சுளிக்காமல் குடித்துவிடும். மருந்து தடை செய்யப்பட்டது, உரிமையாளர் கைதானார், அக்டோபர் 13இல் உரிமம் ரத்தாயிற்று. ஒரே நாளில் கண்டறியக்கூடிய நஞ்சை, குழந்தைகள் மரித்த பின்பே தேடினோம் என்பதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது.

இதே நஞ்சு 1972இல் சென்னையிலும் குழந்தைகளைக் கொன்றது. அதற்கும் முன்னர், 1937இல் அமெரிக்காவில் 'எலிக்சிர் சல்ஃபனிலமைடு' என்ற மருந்தில் கலந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அக்காலத்து அமெரிக்கச் சட்டம், மருந்து உயிருக்குத் தீங்கற்றதா என விற்குமுன் சோதிக்கும்படி எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. நஞ்சை விற்றது குற்றமாகவில்லை! 'எலிக்சிர்' என்றால் சாராயம் கலந்தது என்று பொருள். அதில் சாராயம் இல்லை. அந்த ஒரு பொய்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அரசு குப்பிகளைப் பறிமுதல் செய்ய முடிந்தது. ஆய்வாளர்கள் வீடுவீடாகத் தேடினர். மறு ஆண்டே புதிய சட்டம் பிறந்தது.

நமது 1940ஆம் ஆண்டுச் சட்டமோ தவறான பெயர்ச்சீட்டு, கலப்படம், போலி என்று குற்றத்தை மூன்றாகப் பிரிக்கிறது. வழக்கறிஞருக்கு இப்பிரிவினை வேண்டியதே. தாய்க்கு மூன்றும் ஒன்றுதான். பிறருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் கட்டளையை விளக்கும்போது நீதிமன்றத்தையும் புறணியையும் சொல்லி முடித்துவிடுகிறோம். எழுத்தறியாதவர் உயிரை ஒப்படைக்கும் இந்தச் சின்னஞ்சிறு காகிதமும் சாட்சிதானே! அது பொய்த்தால் குறுக்கு விசாரணை செய்ய ஆய்வுக்கூடமும், நேரம் தவறாத ஆய்வாளரும் வேண்டும்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு இடரும் உண்டு. காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது; பூவம் எல்லையைத் தாண்டினால் தமிழகம். ஓர் அரசின் தடையாணை எல்லைக்கல்லோடு நின்றுவிடும். பொறையாற்றில் வாங்கிய குப்பியோ பேருந்தேறி, அன்று மாலையே கோட்டுச்சேரிமேட்டுக் குடிசைக்குள் வந்துவிடுகிறது.