துடைப்பதும் வழிப்பதும்

சன்னல் கண்ணாடியைத் தூய்மை செய்வது பற்றியும் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நாங்கள் இருவரும் தமிழ்த்துறையினர். சொற்களின் பொருள் வேறுபாட்டை வகுப்பறையில் விளக்கிச் சொல்வதே எங்கள் பிழைப்பு. ஆயினும் ‘துடைத்தல்’ என்பதற்கும் ‘வழித்தல்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு எங்களுக்குச் சென்ற மார்கழியில்தான் உள்ளபடி விளங்கிற்று. விளக்கியவர் எங்களிடம் பயின்ற மாணவர் ஒருவர்.

சென்னையின் தென்புறநகரில், மூன்றாம் மாடியில் எங்கள் குடியிருப்பு. வரவேற்பறைக்கும் பால்கனிக்கும் இடையே பக்கவாட்டில் நகரும் பெரிய கண்ணாடிக் கதவு. அதன் மேலே நிலையாகப் பதித்த ஒரு கண்ணாடிப் பலகை. வாங்கும்போது வெளிச்சம் என்று மகிழ்ந்தோம். வெளிச்சத்தோடு சாலைப் புழுதியும் வந்து படியும் என்பதை அப்போது எவரும் சொல்லவில்லை. ஆண்டுதோறும் போகிக்கு முந்தைய ஞாயிறன்று அதனைத் துடைப்பது வழக்கம். ஒரு வாளி நீரில் சோப்புத்தூளை நுரை பொங்கக் கலந்து, பழைய வேட்டித் துணியால் தேய்த்து, இறுதியில் செய்தித்தாளைக் கசக்கித் துடைப்போம். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளித்தள்ளும் கழிவுநீரைச் சேமித்து இதற்கென்றே வைத்திருப்போம். சிக்கனம் குறித்த பெருமிதமும் எங்களுக்கு இருந்தது.

ஈரமாய் இருக்கும் வரை கண்ணாடி பளபளக்கும். பத்து மணி வெயில் பட்டதும் வெண்புள்ளிகளும், கை போன போக்கெல்லாம் அரைவட்டக் கோடுகளும் தோன்றிவிடும். மறுபடியும் தேய்ப்போம், மறுபடியும் தோன்றும். செய்தித்தாளின் மை கதவுச் சட்டத்தில் ஒட்டிக்கொள்ள, அதைத் துடைப்பது தனி வேலையாகும்.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அவர் தங்கையின் திருமண அழைப்பிதழோடு வந்தார். முதுகலையில் நன்றாகப் படித்தவர். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குச் சேர்ந்து, தந்தையின் மறைவுக்குப் பின் பாதியில் விட்டுச் சென்றவர். ஏதோ கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, மேசை நாற்காலி உத்தியோகம் என்று நாங்களாகவே கருதிக்கொண்டிருந்தோம்.

அழைப்பிதழை வைத்த தாம்பூலத் தட்டை நாங்கள் வாங்கிக்கொள்ளும்போதே அவர் பார்வை கண்ணாடியின் மேல் நின்றது.

“ஐயா, இது எந்தத் தண்ணி?”

சொன்னோம். சிரித்துவிட்டார். “அதுல உப்பு இன்னும் அதிகமாச்சே. உப்பைப் பிரிச்சுத்தானே அந்த மெஷின் வெளிய தள்ளுது?”

எளிய செய்திதான். ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புகள் கழிவுநீரில் இன்னும் செறிந்திருக்கும். அதைக் கண்ணாடியில் பூசி வெயிலில் உலரவிட்டால் நீர் ஆவியாகும்; உப்பு அங்கேயே தங்கும். ஆண்டுக்கணக்கில் நாங்கள் கண்ணாடிக்கு உப்புப் பூசிக்கொண்டிருந்திருக்கிறோம்!

“அம்மாவுக்கு என் வேலை என்னன்னு தெரியாதில்ல?” என்றார் அடுத்து. பழைய மாமல்லபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களின் வெளிப்புறத்தைக் கயிற்றில் தொங்கித் துடைக்கும் குழுவில் இருக்கிறாராம். நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. நாங்கள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. முதுகலை படி, மேலே ஆய்வு செய் என்று வற்புறுத்தியவர்கள் நாங்கள்தாம். அந்த மௌனத்தை அவர் கவனித்தாரா, கவனியாதது போல் இருந்தாரா என்பது இன்றளவும் எங்களுக்குத் தெளிவில்லை. கீழே சென்று வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தார்.

விருந்தாளியாக வந்த மாணவரை வேலை வாங்குவதா என்று தடுத்தோம். “பத்து நிமிஷம்ஐயா, பாத்துக்குங்க, அப்புறம் நீங்களே செய்வீங்க” என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். ஆசிரியர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தும் மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது; மறுக்க மனம் வரவில்லை.

பையிலிருந்து வந்தது, குறுக்குக் கட்டையில் இரப்பர் பட்டை பொருத்திய ஒரு கைப்பிடி. ஆங்கிலத்தில் ஸ்குவீஜி என்பார்கள். கடைகளிலும் தொழிலிலும் வைப்பர் என்றுதான் சொல்கிறார்கள். கப்பல் மேல்தளத்து நீரைத் தள்ளப் பயன்பட்ட கருவியின் வழிவந்தது இது. இத்தாலியிலிருந்து அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் குடியேறிச் சன்னல் துடைக்கும் தொழில் செய்த எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர், அதுவரை இருந்த கனத்த எஃகுக் கருவியை விடுத்து, ஒற்றை இரப்பர் பட்டை கொண்ட இலேசான பித்தளைக் கருவியை உருவாக்கி 1936இல் காப்புரிமை பெற்றார். அந்த வடிவமே பெரும் மாற்றமின்றி இன்றும் வழங்குகிறது. தொழில் செய்தவர் கையில் பிறந்த கருவி என்பது அதைப் பிடித்துப் பார்த்தாலே தெரிகிறது.

முதலில் அவர் நீரைத் தொடவே இல்லை. உலர்ந்த தூரிகையால் சட்டத்தையும், கதவு ஓடும் தண்டவாளத்தையும், கொசுவலையையும் தட்டிப் பெருக்கினார். புழுதி இருக்க நீர் விட்டால் அது சேறாகிக் கண்ணாடிக்கே திரும்பும். பிறகு பால்கனியில் குளிர்சாதனக் கருவியின் குழாயடியில் வைத்திருந்த வாளியைக் கண்டார். எப்போதோ நிறைந்து கிடந்தது. “இதுதான்யா நல்ல தண்ணி” என்றார். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டிய நீர் ஆதலால் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை. மழைநீரும் அவ்வாறே. அரை வாளிக்குப் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டுகள் போதும் என்றார். அழுக்கு இளகவும், இரப்பர் வழுக்கிச் செல்லவுமே அது. நுரை மிகுந்தால் அதுவே கறையாகும்.

நனைத்த பஞ்சுறையால் கண்ணாடி முழுவதையும் மூலைகள் உட்பட நன்றாகத் தேய்த்தார். அழுக்கு நீங்குவது இந்தக் கட்டத்தில்தான். வைப்பர் அழுக்கை நீக்குவதில்லை, அழுக்கு கலந்த நீரை எடுக்கிறது. அடுத்து மேல் விளிம்பில் இரண்டு விரல் அகலத்திற்கு உலர்ந்த துணியால் ஈரத்தை ஒற்றினார். உலர்ந்த இடத்தில் தொடங்கினால்தான் இரப்பர் கோடு விடாது படியுமாம். கருவியைச் சற்றே சாய்த்து, மேலிருந்து கீழாக, ஒரே சீரான அழுத்தத்தில் இழுத்தார். நடுவில் நிறுத்தவில்லை. இழுத்து முடித்ததும் இரப்பரைத் துணியில் துடைத்துக்கொண்டார். அடுத்த இழுப்பு, முந்தைய இழுப்பின் மேல் இரண்டு அங்குலம் ஏறியபடி. நீர் எப்போதும் இன்னும் வழிக்காத பக்கமே ஒதுங்குமாறு கருவியின் ஒரு முனை முந்திச் சென்றது.

“துடைக்கக் கூடாதும்மா, வழிக்கணும். கிரைண்டர்ல மாவு வழிக்கிற மாதிரி.”

இந்த ஒரு சொல்லில் எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. துடைப்பவர் ஈரத்தைப் பரப்புகிறார். மிஞ்சியது அங்கேயே உலர்கிறது. வழிப்பவர் ஈரத்தை ஓரிடத்திலும் தங்கவிடாமல் மொத்தமாகத் திரட்டி எடுத்துவிடுகிறார். மாவை வழிப்பதும், நெற்றி வியர்வையை வழித்தெறிவதும், நாவிதர் முகம் வழிப்பதும் எல்லாம் அந்தச் செயலே. அகராதியில் பலமுறை பார்த்த சொல் கண்ணாடியில் நிகழ்ந்துகொண்டிருந்தது.

ஓரிடத்தில் மட்டும் மயிரிழை போல் ஒரு நீர்க்கோடு விழுந்தது. இரப்பர் விளிம்பை விரலால் நீவிப் பார்த்துச் சிறு வெட்டு ஒன்றைக் காட்டினார். விளிம்பு கூர்மையாய் இருக்க வேண்டும். மழுங்கினால் பட்டையைத் திருப்பிப் போட வேண்டும். இரு புறமும் தேய்ந்தால் மாற்றிவிட வேண்டும். பழைய உப்புக் கறைக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து, துணியில் நனைத்துச் சில நிமிடம் ஒற்றி வைத்து, பின் நன்றாகக் கழுவச் சொன்னார். பளிங்குத் தரையில் சொட்டக் கூடாது. அமிலம் அதை அரிக்கும்.

காப்பி குடிக்கையில் தம் வேலை பற்றிப் பேசினார். கண்ணாடி சுடாமல், நீர் உலராமல் இருக்கவேண்டுமென்பதால் காலையில் மேற்குப் பக்கமும் பிற்பகலில் கிழக்குப் பக்கமும் இறங்குவார்களாம். ஆளுக்கு இரண்டு கயிறுகள்: ஒன்றில் இறங்குவது; மற்றது, முதற்கயிறு கைவிட்டால் பிடித்துக்கொள்வது. இரண்டையும் ஒரே இடத்தில் கட்டலாகாது. வைப்பரையும் இடுப்போடு கட்டிக்கொள்ள வேண்டும். அத்தனை உயரத்திலிருந்து நழுவினால் கீழே நடப்பவர் கதி என்னாவது? காற்று வலுத்தால் வேலை நிறுத்தம்.

“உள்ள இருக்கறவங்க நம்மளப் பாக்க மாட்டாங்கய்யா. நாம அவங்களப் பாப்போம். உதயகுமரன் மாதிரிதான். ஆள் தெரியும், வாசல் தெரியாது.”

மணிமேகலையின் பளிக்கறை புக்க காதையை அவருக்கு நடத்தியவர்கள் நாங்கள். இளவரசனுக்கு அஞ்சிப் பளிங்கு அறைக்குள் அவள் புகுந்துகொள்வதும், உருவம் தெரிந்தும் வழி தெரியாமல் அவன் திகைப்பதும் அங்கே வரும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் நினைவில் வைத்திருக்கிறாரே என்று நாங்கள் நெகிழ்வதற்குள் அவரே கேட்டார்: “அந்தப் பளிக்கறைய யாரு துடைச்சிருப்பாங்கம்மா?”

மூவரும் சிரித்தோம். ஒவ்வோர் ஆண்டும் அக்காதையை நடத்துகிறோம். இக்கேள்வியை நாங்களும் எழுப்பியதில்லை, எந்த மாணவரும் எழுப்பியதில்லை.

கதவுக்கு மேலுள்ள நிலைப்பலகையின் வெளிப்புறம் மட்டும் எஞ்சியது. பால்கனிச் சுவர் மேல் ஏறினால் எட்டும் என்று நாங்கள் முன்பு ஒருமுறை ஏறியதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. “இனிமே ஏறாதீங்க. கை எட்டலைன்னா கயிறு வேணும். இல்லைன்னா அழுக்காவே இருக்கட்டும்” என்று, வகுப்பில் நாங்கள்கூடப் பேசாத கண்டிப்போடு சொன்னார். கிளம்பும்போது பணம் கொடுப்பதா வேண்டாமா என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அறிந்து, “கல்யாணத்துக்கு வந்துடுங்க” என்று மட்டும் சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டார். வைப்பரை வைத்துவிட்டுப் போனார்.

தை மாதத் திருமணத்திற்குச் சென்றோம். மொய் உறையில் வழக்கத்தினும் கூடுதலாக வைத்தோம். அதில் எவ்வளவு மொய், எவ்வளவு கூலி என்று அவர் கணக்கிடாதிருக்க வேண்டுமே என்ற அச்சத்தோடுதான் வைத்தோம். பந்தியில் தம் குழுவினரிடம் அழைத்துச் சென்று, “எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவங்க” என்று அறிமுகம் செய்தார். எங்களிடம் அவர்களில் மூத்தவரைக் காட்டி, “மேல நின்னு என் கயித்தப் பாத்துக்கறவரு” என்றார்.

அந்த மூத்தவர் எழுந்து வணங்கிவிட்டுக் கேட்டார்: “அந்த மேல் கண்ணாடி இன்னும் அப்படியேதான் இருக்காங்க?”