அறுப்புக்குப் பிறகு நடவு

வேளாண் கலைச்சொற்களை அகரவரிசைப்படுத்திய இணையத் தொகுதி ஒன்றில் மேய்ந்துகொண்டிருந்தேன். ‘அ’வைத் தட்டினால் அறுப்பு. ‘க’வில் கண்டுமுதல், களை. ‘ந’வில் நடவு, நாற்று. விதைப்புக்கு ‘வ’ வரைக்கும் போக வேண்டும். அறுத்து, கண்டுமுதலும் பார்த்துவிட்டு அப்புறம் விதைக்கிற ஊர் எதுவோ! ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காத வருஷங்களில்கூட எங்கள் டெல்டாவில் அப்படி நடந்ததில்லை.

இன்னொரு வேடிக்கை. கலம், கவலை, கழனி, களம், கன்று என்பது அகராதி மரபு. யூனிகோடு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கணினிக்கு ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்த வீடு, ‘வ’வோ ‘ழ’வுக்கும் பின்னால். ஆகவே கன்று, கலம், களம், கழனி, கவலை. கவலை கடைசிக்குப் போய்விடுகிறது. விவசாயிக்கு இந்த வரிசையே தேவலாம்.

இந்தத் தொல்லையெல்லாம் திவாகரருக்கு இல்லை. அரிசிலாற்றங்கரை அம்பரில் சேந்தன் என்ற தலைவன் ஆதரிக்க, அவர் செய்த திவாகரம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் நிகண்டுகளில் மூத்தது. பூந்தோட்டம் பக்கத்தில் அம்பர் இன்றும் இருக்கிறது. ஆறுதான் அரசலாறு ஆகிவிட்டது. நூல் பன்னிரண்டு தொகுதி. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று இறங்கி, மனிதன் செய்த பொருள், பண்பு, செயல், ஒலி என்று போகும். யானையைத் தேடிப் போனால் அதன் பெயர்கள் எல்லாம் ஒரே கொட்டடியில் கிடைக்கும். மனப்பாடம் பண்ணியவனுக்குப் பக்கம் புரட்டும் வேலையே கிடையாது.

நிகண்டுச் சொற்களை எழுத்து வரிசைக்குக் கொண்டுவந்தவர்களில் பெரிய பெயர், கொள்ளிடத்து வடகரை ஏலாக்குறிச்சியில் நெடுநாள் இருந்த வீரமாமுனிவர். அவருடைய சதுரகராதி 1732-இல் வந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏட்டில் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுப் பொருள் தெரியாமல் முழிக்கிறவனுக்கு அகரவரிசைதான் கதி.

ஆனால் பொருளைப் பார்த்துவிட்டுச் சொல் தெரியாமல் முழிக்கிறவன்? உழுத சேற்றை மட்டமாக்க மாடு இழுத்த நீளப் பலகை, கொட்டகை மூலையில் கறையான் தின்றுகொண்டிருக்கிறது. பேரன் அதைப் பார்க்கிறான். பரம்பு என்று தெரிந்தால்தானே ‘ப’வைத் தட்டுவான்? தெரிந்தால் அவன் எதற்குத் தேடுகிறான்?

தொகுதி போடுகிறவர்கள் அகரவரிசையோடு, நாற்றங்காலில் தொடங்கிப் பத்தாயத்தில் முடிகிற வரிசை ஒன்றும் வைக்கலாம். அம்பர்க்காரர் ஆட்சேபிக்க மாட்டார்.