பின்செல்லும் பொத்தான்

உலாவியின் மேல்மூலையில் இடப்பக்கம் நோக்கிய ஓர் அம்புக்குறி உண்டு. அதனை அழுத்தினால், சற்றுமுன் கண்ட பக்கம் மீண்டும் கண்முன் வருகிறது. நூல் படிப்பவர் முன்னைய ஏட்டைப் புரட்டிப் பார்ப்பது எத்துணை இயல்போ, அத்துணை இயல்பானது இச்செயல். ஆயினும், கட்டணம் செலுத்தும் படிவங்கள் பலவற்றில், 'பின்செல்லும் பொத்தானை அழுத்தாதீர்' என்னும் எச்சரிக்கை சிவப்பெழுத்தில் காணப்படுகிறது. அதனைக் காணுந்தோறும் எனக்குச் சினமே உண்டாகிறது.

உலாவி, வழங்கி எனப்படும் தொலைவிலுள்ள கணினியோடு உரையாடும் முறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். அதில் வேண்டுகோள்கள் பல வகைப்படும். கெட், போஸ்ட் என்னும் இரண்டே இங்கு நமக்கு வேண்டுவன. கெட் என்பது, 'இப்பக்கத்தைக் காட்டு' என்று கேட்பது. போஸ்ட் என்பது, 'இதனைப் பெற்றுக்கொண்டு ஆவன செய்' என்று ஒப்படைப்பது. வந்த கடிதத்தை நூறு முறை படித்தாலும் அஃது ஒரே கடிதந்தான். நூறு முறை எழுதி அஞ்சலில் இட்டாலோ, நூறு கடிதங்கள் போய்ச் சேரும். படிவத்தை அனுப்புவது இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

சென்ற ஆண்டு, கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில், கணினி நிலையம் ஒன்றில் இதன் விளைவை நேரிற் கண்டேன். கட்டட வேலை செய்யும் ஒருவர் தம் மகளுடன் வந்திருந்தார். மகள் படிவத்தை நிரப்பிக் கட்டணமும் செலுத்தினாள். திரையில் வட்டம் ஒன்று சுழன்றுகொண்டே இருந்தது, மறுமொழி வரவில்லை. நெடுநேரம் பொறுத்தபின் அவள் பின்சென்றாள். நிரப்பியவை அப்படியே இருந்தன. மீண்டும் அனுப்பினாள். சிறிது நேரத்தில் தந்தையின் கைப்பேசிக்கு அடுத்தடுத்து இரு செய்திகள் வந்தன. "என்னம்மா, இரண்டு தடவை எடுத்துவிட்டார்களே!" என்றார் அவர். பல நாட்கூலி அது. நிலையத்துக்காரர், "பேக் பட்டனை அழுத்தக்கூடாது என்று போட்டிருக்கிறதே, பாப்பா" என்றார். அவள் தலைகுனிந்து நின்றாள்.

அவள் செய்த குற்றம் யாது? விடை தாராத பக்கத்திலிருந்து திரும்பி வந்தாள், அவ்வளவே. குற்றம் படிவத்தை அமைத்தவருடையது. சிலர் அந்தப் பொத்தானையே மறைத்துவிட முயல்கின்றனர். கைப்பேசித் திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுத்தாலே பின்செல்லும் இக்காலத்தில் அம்முயற்சி வீண்.

தீர்வு புதியதன்று. படிவத்தைப் பெற்றதும் வழங்கி பற்றுச்சீட்டுப் பக்கத்தை நேரே அனுப்புதல் கூடாது. அவ்வாறு அனுப்பினால், அப்பக்கம் போஸ்ட் வேண்டுகோளின் விடையாகவே நிற்கும். அதனைப் புதுப்பிக்க முயன்றால், 'படிவத்தை மீண்டும் அனுப்பவா?' என்று உலாவி கேட்கும். பொருள் விளங்காதவர் 'ஆம்' என்பர். அதற்கு மாறாக, 'பற்றுச்சீட்டு வேறோரிடத்தில் உளது. அங்கே சென்று பார்' என்று வழங்கி வழிகாட்டுதல் வேண்டும். உலாவி கெட் முறையில் அங்குச் செல்லும். பின்னர் எத்தனை முறை புதுப்பித்தாலும் தீங்கில்லை. இவ்வழிகாட்டலுக்கு உரிய 303 என்னும் குறியெண், 1997ஆம் ஆண்டு வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகளிலேயே இடம்பெற்றுவிட்டது. முன்பிருந்த 302க்கு விதி ஒரு பொருள் கூற, உலாவிகள் வேறு பொருள் கொண்டு நடந்தன, அது தனிக்கதை.

எனினும், அம்மாணவியின் இடர் இதனால் மட்டும் தீர்ந்திராது. அவளுக்கு மறுமொழியே வரவில்லையன்றோ? ஆகவே, படிவத்தைத் தரும்போதே, கண்ணுக்குப் புலப்படாத தனியெண் ஒன்றை வழங்கி அதனுள் பொதிந்து வைத்தல் வேண்டும். அதே எண் இரண்டாம் முறை வந்தால், மீண்டும் பணம் கேளாமல், முதல் முறையில் நிகழ்ந்ததையே காட்டலாம். பின்செல்லும்போது படிவம் புதிதாக வந்து, புதிய எண்ணைப் பெற்றுவிடுதலும் உண்டாதலின், விண்ணப்ப எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. ஒருமுறை அழுத்தியதும் அனுப்பும் பொத்தானைச் செயலற்றதாக்குவோரும் உளர். இருமுறை விரைந்து அழுத்துவதை அது தடுக்கும். பின்சென்று வருபவரிடம் அதனை நம்ப இயலாது.

படிவம் அமைப்பவர் அதனைப் பிறர்க்குத் தருமுன், தாமே நிரப்பி அனுப்பி, விடை வருமுன் பின்சென்று, மீண்டும் அனுப்பிப் பார்க்கலாம். அதற்குக் கால்மணி நேரம் போதும். பதிவேட்டில் ஒரே விண்ணப்பமும் ஒரே கட்டணமும் இருக்குமாயின், அச்சிவப்பெழுத்தை அழித்துவிடலாம்.