கேஸ் பேப்பரில் எழுதாத விபத்து

மும்பை தாராவியில் தோல் பை செய்யும் பட்டறைகள் பலவும் மாடியில் இருக்கின்றன. செங்குத்தான இரும்பு ஏணியில், மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். ஏறியதும் தோல் ஒட்டும் சொல்யூஷன் வாடை முகத்தில் அறைகிறது. ஒரு காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் தோல் பதனிட இங்கே வந்தார்கள். 1971-ல் மாடு வெட்டுமிடம் பாந்த்ராவிலிருந்து தேவ்னாருக்குப் போனது; பதனிடும் தொட்டிகளும் பின்னால் மறைந்தன. பதனிட்ட தோல் இப்போது சென்னை, கான்பூரிலிருந்து வருகிறது. அன்று பதனிட வந்தவர்களின் பேரன்களில் சிலர் பையும் பெல்ட்டும் பர்ஸும் செய்கிறார்கள்.

இந்த வேலையின் உயிர் கட்டிங்கில் இருக்கிறது. தோலை விரித்து உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார் கட்டிங் மாஸ்டர். முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி எல்லாம் விரல் நுனிக்குத் தெரிகிறது. முதுகுப் பகுதி கெட்டி, பையின் முகப்புக்கு ஆகும். வயிற்றுப் பகுதி இழுபடும், அது உள்பாக்கெட்டுக்கு. இரும்பு டையை எங்கே வைப்பது என்று பார்த்து, பிரஸ்ஸின் கையைத் திருப்பி பட்டனை அழுத்துகிறார். பிரஸ்ஸில் பட்டன் இரண்டு. இரு கையும் பட்டனில் இருந்தால்தான் இறங்கும், கை உள்ளே மாட்டாது. நான் பார்த்த ஒரு பிரஸ்ஸில் ஒரு பட்டனை டேப் சுற்றி அழுத்தியே வைத்திருந்தார்கள். பீஸ் ரேட்டில் அந்த ஒரு கை வேலைக்கு வேண்டும்.

அப்படியொரு பிரஸ்ஸில்தான் நான் சந்தித்த கட்டிங் மாஸ்டர் ஒருவருக்கு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. வயது 30. தீபாவளி ஆர்டர் நேரம். பட்டறை முதலாளியான சேட் கையில் துணியைச் சுற்றி ரிக்‌ஷாவில் ஏற்றினார். சயான் ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தும் தனியார் நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்.

"சயானுக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிரும், வீட்டுல கதவு இடுக்குல மாட்டிருச்சுன்னு சொல்லுன்னாரு. வலியில நானும் அப்படியே சொல்லிட்டேண்ணே."

நர்சிங் ஹோம் கேஸ் பேப்பரில் கதவு என்றே இருக்கிறது. சில நாள் கழித்து 10,000 ரூபாய் கொடுத்து, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்ற ஸ்டாம்ப் பேப்பரில் இடது கையால் கையெழுத்து வாங்கினார்கள். கட்டுப் பிரிப்பதற்குள் பிரஸ்ஸில் வேறு ஆள்.

"ஆனா பில்லைக் கட்டினாருண்ணே, நல்ல மனுஷந்தான்" என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. பில் கட்டியது சேட்டின் கடமை, அதைக் கருணையாக எண்ணி இவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டமும், இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பத்துப் பேர் இல்லாத பட்டறைக்கு இ.எஸ்.ஐ. கட்டாயமில்லாமல் போகலாம், ஆனாலும் மின்சாரத்தில் ஓடும் பிரஸ்ஸில் அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தந்தே ஆகவேண்டும். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கிய காகிதம் செல்லாது. மாதக் கூலியை 15,000 என்று வைத்தால், அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்கான பெருக்கு எண் 207.98. சட்டத்தின் அட்டவணைப்படி இரண்டு விரல் இழப்புக்கு 20 சதவீதம். சேட் கொடுத்தது 10,000. இந்தக் கணக்கில் வருவது ஏறத்தாழ 3,74,000.

அந்த 20 சதவீதமும் எனக்குக் குறைவாகவே படுகிறது. ஒடிசாவில் ஒரு கை போன தச்சரின் வழக்கில், அட்டவணைச் சதவீதத்தோடு நிற்காமல், தச்சு வேலை ஒரு கையால் ஆகாது என்று சொல்லி முழு ஊனத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 1975-ல் உறுதிசெய்தது. தோலைத் தடவிப் பார்த்தே பிழைத்தவருக்கு அந்த விரல்கள் என்ன விலை என்று இழப்பீட்டைத் தீர்மானிக்கும் அதிகாரி முன்னால் வாதாட இடமிருக்கிறது.

முட்டுக்கட்டை அந்தக் கேஸ் பேப்பர்தான். கதவு என்று எழுதியிருப்பதை உடைக்க, கூட வேலை செய்தவர் சாட்சி சொல்ல வேண்டும். அவர்களோ அதே சேட்டிடம் கூலி வாங்குகிறவர்கள். மனு போட இரண்டு வருஷ அவகாசம்தான். "கேஸ் போட்டா இந்தத் தாராவியில எவன் எனக்கு வேலை குடுப்பான்?" என்று அவர் கேட்டபோது, இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்த மனைவி கிரைண்டரை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இப்ப மட்டும் எவன் குடுக்கான்?" மனுவை எழுதித் தர வக்கீல் யாராவது தெரியுமா என்று அந்த மனைவிதான் என்னிடம் கேட்டார்.