நான்கு டிகிரி

எங்கள் முதல் மூன்று பீர்களும் தடித்துத் தித்தித்தன. நாங்கள் காய்ச்ச விரும்பியதோ இங்கிலாந்தின் பப்களில் கிடைக்கும், நாவில் வறட்சியோடு முடியும் ‘பிட்டர்’ வகை. (பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச 1963 வரை உரிமம் வேண்டியிருந்தது, இப்போது, விற்காத வரையில், வேண்டாம்.) அடர்த்திமானியில் 1.045இல் தொடங்கும் சாறு, நொதித்து முடிகையில் 1.011 அளவுக்கு இறங்கவேண்டும். எங்களுடையது 1.019இல் நின்றுவிட்டது. மூன்று முறையும்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னவில்லை என்று முடிவுகட்டினோம். மூவரில் ஈஸ்ட்டுக்குப் பொறுப்பேற்றிருந்த நண்பரிடம் அதை, பகடி போலவும் பகடி அல்லாமலும், சொன்னோம். அவர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும்.

மிஞ்சிய இருவரும் முதல் படியான மாஷிங்கிலிருந்து சோதிக்கத் தொடங்கினோம். முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பதுதான் அது. முளைகட்டிய கேழ்வரகில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் வீடுகளில் அறிவார்கள், அந்தக் கஞ்சி இறுகாது, இளகியே இருக்கும். முளையில் பிறந்த நொதிகள் மாவுச்சத்தை உடைப்பதே காரணம். பார்லியிலும் அதே ஆட்கள்தாம். அவர்களில் பீட்டா அமைலேஸ் 60க்கும் 65க்கும் இடையே சுறுசுறுப்பாக இருந்து, ஈஸ்ட் தின்னக்கூடிய மால்ட்டோஸை நறுக்கித் தருகிறது. ஆல்ஃபா அமைலேஸுக்கு 70ஐ ஒட்டிய சூடு பிடிக்கும். ஆனால் அது கண்டபடி வெட்டிப்போடும் துண்டுகளில் பல ஈஸ்ட்டின் வாய்க்கு அடங்காதவை. 70இல் பீட்டா விரைவில் செயலிழந்துவிடும். ஆகவே 66 என்பது இருவருக்கும் நடுவே ஓர் உடன்படிக்கை.

நாங்கள் 66இல்தான் வைத்திருந்தோம். அப்படித்தான் வெப்பமானியின் முள் சொன்னது. ஒரு மாலை, வேறு வழி தோன்றாமல், அதைக் கொதிக்கும் நீரில் நிறுத்தினோம். 96. நொறுக்கிய பனிக்கட்டியும் நீருமாக ஒரு குவளையில் நிறுத்தினோம். முள் பூஜ்யத்துக்குக் கீழே நான்கில் போய் நின்றது. மூன்று முறையும் நாங்கள் 70இல் ஊறவைத்திருக்கிறோம்.

ஆத்திரத்தில் அடுத்ததை 63க்கு இறக்கினோம், அது 1.007 வரை போய், தண்ணீர் போலாயிற்று. பிறகு உண்மையான 66க்கு வந்தோம். 4 கிலோ பார்லிக்கு 10 லிட்டர் நீர். தானியம் 18 டிகிரியில் இருந்தால் நீர் 74இல் இருக்கவேண்டும் என்கிறது கணக்கு. ஊறவைக்கும் பெட்டி அந்தக் கணக்கில் இல்லை. குளிர்ந்த பிளாஸ்டிக் தன் பங்குச் சூட்டை எடுத்துக்கொண்டுவிடும். வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, அதைக் கொட்டிவிட்டுத் தொடங்கினால் சரியாக வருகிறது. மாவைச் சிறுகச் சிறுகத் தூவிக் கிளறவும் வேண்டும். களி கிளறிப் பழகிய கைக்கு இது தானாக வரும். கட்டி தட்டினால் உள்ளே உலர்மாவு அப்படியே இருக்கும். நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு என்பதால் மூன்று இடங்களில் அளக்கிறோம்.

நண்பர் வீட்டுக்கு பீரை எடுத்துப் போகவில்லை. வெப்பமானியை எடுத்துப் போனோம். நடந்ததைச் சொன்னோம். அவர் நீரைக் கொதிக்க வைத்தார், தேநீருக்கு என்றே நினைத்தோம். கொதித்ததும் வெப்பமானியை அதில் நிறுத்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பின்னால் ஒரு நட்டு இருக்கிறதே, அதைத் திருகினால் சரியாகிவிடும்” என்றார்.

ஞாயிறு வந்தார், தன்னுடைய கண்ணாடி வெப்பமானியோடு. இன்றும் அதைத்தான் முதலில் நனைக்கிறார், எங்களுடையதைப் பிறகு.